போட்டோவைப் பார்த்துக் குதிரை வரைய ஆர்டர் வந்தால்: முதல்முறை எடுப்பவர்களுக்கு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை முடிந்த கையோடு, "நம்ம குதிரைய ஒரு பெயிண்டிங்கா போட்டுக் குடுங்க, போட்டோ அனுப்பிடறேன்" என்று கேட்பவர்கள் உண்டு. மனித முகம் நன்றாக வரைகிறவர்கள் "அதற்கென்ன" என்று உடனே தலையாட்டிவிடுகிறார்கள். பிறகுதான் முழி பிதுங்குகிறது. இந்த வேலையில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை தூரிகையால் வருவதில்லை. போட்டோவாலும், பேசாமல் விட்ட பேச்சாலும் வருகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வண்ணம் குழைப்பதற்கு முந்தைய வேலைதான். நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

1. விலை சொல்லும் முன் கேட்க வேண்டியவை

"எவ்வளவு ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்குப் பதில் சொல்லும் முன் நீங்கள் நான்கு கேள்வி கேளுங்கள்.

குதிரை இப்போது உயிரோடு இருக்கிறதா? இருந்தால் புதிதாகப் போட்டோ எடுக்கலாம். இல்லையென்றால் கையில் இருக்கும் படங்கள்தான் கதி. அவற்றைப் பார்க்காமல் ஆர்டரை ஏற்காதீர்கள். முகம் மட்டுமா, முழு உடலா? முழு உடல் என்றால் கால்களும் குளம்புகளும் சேரும். வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். படத்தில் கடிவாளம், சேணம், சலங்கை வேண்டுமா? தோல் வாரும் பித்தளை வளையமும் சில சமயம் குதிரையைவிட அதிக நேரம் தின்னும். கடைசியாக, எந்தத் தேதிக்குள் வேண்டும்? புதுமனை புகுவிழாவுக்கு என்று சொல்லிவிட்டு, விழா அடுத்த வாரம் என்பார்கள். எண்ணெய் வண்ணம் அதற்குள் காயாது.

முதல் ஆர்டரிலேயே ஓடும் குதிரையை ஒப்புக்கொள்ளாதீர்கள். நிற்கும் குதிரை அல்லது தலையும் கழுத்தும் போதும்.

2. போட்டோக்கள்: இங்கேதான் பாதி ஓவியம் முடிகிறது

வாட்ஸ்அப்பில் வரும் முதல் படம் எப்போதும் ஒரே மாதிரிதான். உரிமையாளர் பக்கத்தில் நிற்பார், குதிரை கேமராவை நோக்கி மூக்கை நீட்டியிருக்கும், உச்சி வெயில். அதை வைத்து வரைந்தால் பூசணிக்காய் போல மூக்கும் சுருங்கிப்போன உடலுமாகத்தான் வரும். கைப்பேசியின் சாதாரண லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. பக்கத்தில் நின்று எடுத்தால் கேமராவுக்கு அருகில் இருப்பது ஊதும், பின்னால் இருப்பது சிறுக்கும். நேரில் தினமும் குதிரையைப் பார்க்கும் உரிமையாளருக்குப் போட்டோவில் இது உறுத்தாது. அதையே ஓவியமாகப் பார்த்தால் "ஏதோ சரியில்லையே" என்பார். என்ன சரியில்லை என்று அவருக்கும் சொல்லத் தெரியாது.

முடிந்தால் நீங்களே லாயத்துக்குப் போய் எடுங்கள். போக முடியாவிட்டால் உரிமையாளருக்கு இப்படி எழுதி அனுப்புங்கள்:

- ஆறு ஏழு மீட்டர் தள்ளி நின்று, 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் வைத்து எடுக்கவும்.
- நின்றபடி மேலிருந்து எடுக்கக் கூடாது. கேமரா குதிரையின் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகும்.
- காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு. மேகமூட்டமான நாள் என்றால் இன்னும் நல்லது.
- ஃபிளாஷ் கூடாது. குதிரையின் கண் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கண் இருக்கும் இடத்தில் ஒரு பளிச்சிடும் வட்டம்தான் மிஞ்சும்.
- இடப்பக்கம், வலப்பக்கம், நேர் முகம், இரண்டு பக்கமும் முக்கால் கோணம், கண்ணும் மூக்குத்துவாரமும் தனித்தனியாக நெருக்கத்தில், நான்கு கால்கள், வால்.
- படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பவும். போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். முடியின் நுணுக்கம் போய்விடும்.

காதுகளுக்குத் தனியாக ஓர் ஆள் தேவை. குதிரையின் மனநிலை காதில்தான் தெரியும். பின்னால் மடிந்த காது என்றால் அது கோபத்தில் இருக்கிறது; இரண்டு காதும் இரண்டு பக்கம் என்றால் கவனம் சிதறியிருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் நின்று தீவனப் பையைச் சலசலக்கச் செய்தால் போதும், காதுகள் முன்னால் நிமிரும். அந்த இரண்டு நொடிக்குள் தொடர்ந்து பத்து இருபது கிளிக் செய்யச் சொல்லுங்கள். மார்வாரி, கத்தியவாரி குதிரை என்றால் இது இன்னும் முக்கியம். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடுவதுதான் அந்த இனங்களின் அழகு. அதைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். காது சரியாக வராத ஓவியத்தை யாரும் சுவரில் மாட்ட மாட்டார்கள்.

கருப்புக் குதிரையை வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும். மரமோ சுவரோ பின்னால் இருக்கட்டும். திரையில் குதிரையின் உடல்மேல் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். வெள்ளைக் குதிரைக்கு நேர்மாறு: வெயிலில் எடுத்தால் உடல் முழுதும் ஒரே சுண்ணாம்பாகிவிடும், தசை எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தெரியாது.

3. இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. முன்பக்கக் கேமராவில் எடுத்த படமும், சில செயலிகளில் திருத்திய படமும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி வரும். மனித முகத்தில் யாரும் கண்டுகொள்ளாத விஷயம் இது. குதிரைக்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

நம் ஊரில் குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்த்து வாங்குகிறார்கள். நெற்றியில், கழுத்தில், விலாவில் எங்கே சுழி இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். சில சுழி ராசி, சில சுழி ஆகாது. வலது கழுத்தில் இருக்கும் சுழியை இடது கழுத்தில் வரைந்து கொடுத்தால், உங்கள் ஓவியத் திறமையைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள். நெற்றிச் சுட்டியும், அதாவது நெற்றியில் இருக்கும் வெள்ளை அடையாளமும், அப்படித்தான். அது மூக்கை நோக்கி இறங்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே அறுந்து மறுபடி தொடங்குகிறது என்பது ஒவ்வொரு குதிரைக்கும் வேறு. பஞ்சகல்யாணி (நான்கு காலும் முகமும் வெள்ளையான குதிரை) என்றால் நான்கு காலிலும் வெள்ளை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைக் கால் காலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பது எளிது. படத்தில் வண்டி எண்ணோ சுவர் எழுத்தோ இருந்தால் வாசித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் தலைவாரின் பக்கிள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வழக்கமாகக் குதிரையின் இடப்பக்கம் இருக்கும். பிடரி மயிர் எந்தப் பக்கம் விழுகிறது என்று உரிமையாளரிடம் கேளுங்கள். அப்புறம் ஒரு சாதாரணக் காகிதத்தில் குதிரையின் இரண்டு பக்கத்தையும் கோட்டுப்படமாகப் போட்டு, சுழி, சுட்டி, வெள்ளைக்கால், தழும்பு எல்லாவற்றையும் குறித்து அவருக்கே அனுப்பிச் சரி வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. தழும்பை வரையவேண்டுமா மறைக்கவேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கள் சிலர் தழும்பைப் பெருமையாக நினைப்பார்கள்.

4. போட்டோ யாருடைய சொத்து, ஓவியம் யாருடைய சொத்து

உரிமையாளர் அனுப்பும் நல்ல படம் பல நேரம் அவர் எடுத்ததாக இருக்காது. பந்தயத்திலோ சந்தையிலோ யாரோ ஒரு போட்டோகிராபர் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருப்பார். "என் குதிரை, அதனால் என் படம்" என்பார் உரிமையாளர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போட்டோகிராபர் தானாக எடுத்தது என்றால் உரிமை அவருடையது. அதை அப்படியே ஓவியமாக்க அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி இருந்தாலும் போதும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்க வைத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உரிமையாளருக்கு.

இதே விதி உங்களையும் பிடிக்கும், பலருக்குத் தெரிவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 இப்படிச் சொல்கிறது: பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதன்பேரில் வரைந்த ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். அதாவது, நீங்கள் வரைந்த குதிரையை நீங்களே காலண்டராகவோ வாழ்த்து அட்டையாகவோ அச்சடித்து விற்க முடியாது. அவர் அச்சடிக்கலாம். உங்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்றால் ஆர்டர் தாளில் ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வரைந்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பிரிவு 57-இன்படி எப்படியும் உங்களிடமே இருக்கும்.

5. ஆர்டர் தாள்

ஒரே பக்கம் போதும். வக்கீல் தமிழ் வேண்டாம். இவை இருக்கட்டும்:

குதிரையின் பெயர், ஓவியத்தின் அளவு அங்குலத்தில், நெடுக்கா படுக்கையா, எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா, பேஸ்டலா, பின்னணி என்ன, சட்டம் (ஃபிரேம்) சேர்த்தா சேர்க்காமலா, கூரியர் செலவு யாருடையது, மொத்த விலை, தவணைகள், முடிக்கும் தேதி, எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள், மேலே சொன்ன பதிப்புரிமை வரி.

திருத்தம் பற்றிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "கோட்டுப்பட நிலையில் இரண்டு முறை, வண்ணம் முடியும் நிலையில் ஒருமுறை" என்பது நியாயமான கணக்கு. இது இல்லாவிட்டால் மாமா பார்த்து ஒரு திருத்தம், மச்சான் பார்த்து ஒரு திருத்தம் என்று வரும். பின்னணியில் தென்னந்தோப்பு இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஓவியம் முடிந்த பிறகு ஒருவருக்குத் தோன்றும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஆர்டரின்போது 40 சதவீதம், கோட்டுப்படம் ஒப்புதல் ஆனதும் 30, அனுப்புவதற்கு முன் 30. கோட்டுப்படம் ஒப்புதல் ஆன பிறகு முன்பணம் திருப்பித் தரப்படாது என்பதையும் எழுதுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் இந்தத் தாள் இன்னும் அவசியம்.

6. விலை போடுவது

சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று போடுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. சின்ன ஓவியத்திலும் கண் கண்தான், காது காதுதான். செலவையும் மணி நேரத்தையும் கூட்டுவதே மேல். 18க்கு 24 அங்குல எண்ணெய் ஓவியம், தலையும் கழுத்தும் மட்டும் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு (தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்):

கேன்வாஸ் 700, வண்ணமும் எண்ணெயும் 900, போட்டோ பிரிண்ட் 200, சட்டம் 2,500, பேக்கிங்கும் கூரியரும் 1,200. இதுவரை 5,500 ரூபாய். வேலை 35 மணி நேரம், மணிக்கு 250 ரூபாய் என்றால் 8,750. மொத்தம் 14,250.

மணிக்கு 250 அதிகமாகத் தெரிகிறதா? அதைக் குறைப்பதற்குப் பதில் அளவைக் குறையுங்கள். லாயத்துக்குப் போய்வரும் பெட்ரோல் இதில் சேரவில்லை. அதைத் தனியாகச் சொல்லி வாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் பில்லில் ஜிஎஸ்டி என்று வரி போட்டு வசூலிக்கக் கூடாது.

7. கோட்டுப்படம்

வந்த படங்களில் ஒன்றைத் தலைமைப் படமாகத் தேர்ந்தெடுங்கள். நிலையும் வெளிச்சமும் அதிலிருந்து மட்டும்தான். மற்றவை நுணுக்கத்துக்கு. காலை வெயிலில் எடுத்த தலையையும் மாலை வெயிலில் எடுத்த உடலையும் ஒட்டினால், நிழல் இரண்டு பக்கமும் விழும்.

கட்டம் போட்டு வரைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் போட்டோவை நம்பிக் கட்டம் போடும் முன் அளவுகோல் ஒன்றை வைத்துச் சரிபாருங்கள். உச்சந்தலையிலிருந்து மூக்கு நுனிவரை தலை நீளம். பிடரி முடியும் இடத்தில் முதுகில் துருத்தும் மேட்டிலிருந்து தரைவரை ஏறக்குறைய இரண்டரைத் தலை. நெஞ்சு முனையிலிருந்து பின்தொடையின் கடைசிவரையும் கிட்டத்தட்ட அதே அளவு. பக்கவாட்டில் நிற்கும் குதிரை ஒரு சதுரத்துக்குள் அடங்கும். உங்கள் போட்டோவில் தலை அரை மடங்கு பெரிதாக இருந்தால் லென்ஸின் வேலை அது. திருத்திக்கொண்டு வரையுங்கள்.

8. வண்ணம்

புதியவர்கள் எதற்கும் கருப்பு டியூபைத் தேடுவார்கள். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் கலந்தால் உயிருள்ள கருப்பு கிடைக்கும். நீலம் தூக்கினால் குளிர்ச்சி, அம்பர் தூக்கினால் வெம்மை. இதனுடன் பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், டைட்டானியம் வெள்ளை, கொஞ்சம் அலிசரின் சிவப்பு இருந்தால் அநேகமாக எல்லாக் குதிரையும் வந்துவிடும். செவலைக்கும், உடல் பழுப்பாகவும் பிடரி, வால், கால் கருப்பாகவும் உள்ள குதிரைக்கும் பர்ன்ட் சியன்னாதான் ஆதாரம். முதுகின் மேற்பரப்பில் வானத்தின் நீலம் லேசாகப் படியும். வயிற்றின் அடியில் செம்மண் தரையின் சூடு திரும்பி அடிக்கும். இந்த இரண்டையும் போடாவிட்டால் குதிரை பொம்மையாக நிற்கும்.

வெள்ளைக் குதிரையில் ஒரு பொறி. நுக்ரா என்ற வெள்ளைக் குதிரை என்றால் தோல் இளஞ்சிவப்பு. மூக்கு, கண்ணைச் சுற்றி அது தெரியும். பிறக்கும்போது கருமையாக இருந்து வயதாக ஆக வெளுத்த குதிரை என்றால் தோல் கருமை. மூக்கும் கண்ணைச் சுற்றியும் சாம்பல் கருப்பு. போட்டோவில் வெயில் பட்டு இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு வரையுங்கள்.

கண்ணுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். மனிதக் கண் வரைந்து பழகிய கை, வட்டமான கண்பாப்பாவைப் போட்டுவிடும். குதிரையின் பாப்பா படுக்கைவாட்டில் நீண்டது. அதன் மேல் விளிம்பில் சிறு சிறு கரிய முடிச்சுகள் தொங்கும். நெருக்கத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் தெரியும். முழிக்குள் ஒரு சின்ன உலகம் பிரதிபலிக்கும்: மேல் பாதியில் வானத்தின் வெளிர் நீலம், நடுவில் அடிவானக் கோடு, கீழே தரையின் நிறம். அந்த நீலத்தைத் தூய வெள்ளைப் புள்ளியாக வைத்தால் கண் கண்ணாடிக் கோலியாகிவிடும். மேல் இமையின் முடிகள் கீழ்நோக்கி நிழல் விழுத்தும். அந்த நிழல்தான் பார்வைக்குச் சாந்தம் கொடுக்கும். முழியைச் சுற்றி வெள்ளை காட்டாதீர்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு அது மிரளும்போதுதான் தெரியும்.

முடி முடியாக வரையத் தேவையில்லை. முடி படியும் திசையில் தூரிகையை இழுத்தால் போதும். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் சில இழைகளைத் தனியாகக் காட்டுங்கள்.

எண்ணெய் வண்ணத்தில் அடி அடுக்குகளில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் பிற்பாடு வெடிக்கும். நேரம் மிச்சப்படுத்த அடி அடுக்கை அக்ரிலிக்கில் போட்டு மேலே எண்ணெய் வண்ணம் போடலாம். எண்ணெயின் மேல் அக்ரிலிக் மட்டும் கூடாது.

9. ஒப்புதல் படம் அனுப்புவது

ஈர எண்ணெய் வண்ணம் பளபளக்கும். மின்விளக்கின் அடியில் எடுத்து அனுப்பினால், "ஏன் இங்கே வெள்ளையாக இருக்கிறது?" என்று கேட்பார்கள். பகலில், நேர் வெயில் படாத நிழலில் வைத்து, முழுப் படம் ஒன்றும் முகம் மட்டும் ஒன்றும் எடுங்கள். பதில் குரல் பதிவாக வந்தால், அதை நீங்கள் எழுத்தாக்கி "இப்படித்தானே சொன்னீர்கள்?" என்று திருப்பி அனுப்பி 'ஆமாம்' வாங்குங்கள்.

10. காய்தல், சட்டம், அனுப்புதல்

தொட்டால் ஒட்டாத அளவுக்கு எண்ணெய் வண்ணம் காய ஒன்று முதல் இரண்டு வாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடும். கோட்டுப்படம் ஒரு வாரம், வண்ணம் மூன்று நான்கு வாரம், காய்தலும் சட்டமும் இரண்டு மூன்று வாரம் என்று எட்டு வாரம் கேளுங்கள். மழைக்காலம் என்றால் பத்து. வழக்கமான வார்னிஷ் பூச ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதை முன்பே சொல்லி, உள்ளூர்க்காரர் என்றால் ஆறு மாதம் கழித்து நீங்களே போய்ப் பூசித் தருவதாக எழுதிக் கொடுங்கள். வெளியூர் என்றால் அக்ரிலிக் வண்ணத்தை முதலிலேயே பரிந்துரைப்பது உங்களுக்கு நல்லது.

எண்ணெய்க்கும் அக்ரிலிக்குக்கும் கண்ணாடி தேவையில்லை. பேஸ்டலுக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட்டால், அதன் நிலைமின்சாரம் பேஸ்டல் பொடியை இழுத்துவிடும். ஆகவே பேஸ்டல் ஓவியத்தைக் கூரியரில் விடாமல் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

சட்டமிட்ட ஓவியத்தின் நான்கு மூலைக்கும் அட்டைக் காப்பு, முகத்தில் எண்ணெய் ஒட்டாத காகிதம், இரண்டு பக்கமும் பிளைவுட் அல்லது தடித்த அட்டை, அதன்மேல் குமிழ்த்தாள். குமிழ்த்தாளை நேராக வண்ணத்தின் மேல் சுற்றினால் அதன் வட்டங்கள் ஓவியத்தில் பதிந்துவிடும். சட்டமில்லாமல் சுருட்டி அனுப்புவதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான பிவிசி குழாயில் சுற்றி அனுப்புங்கள்.

கடைசித் தவணை கணக்கில் ஏறிய பிறகே பார்சலை ஒப்படையுங்கள். பேக் செய்வதைத் தொடக்கம் முதல் முடிவுவரை வீடியோ எடுத்து வையுங்கள். பிரிப்பதையும் அப்படியே எடுக்கும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். ஒருமுறை சட்டத்தின் மூலை உடைந்து போய்ச் சேர்ந்தபோது, ஒரு கூரியர் அலுவலகத்தில் முதலில் கேட்டது இந்த இரண்டு வீடியோவையும், பொருளின் மதிப்பு எழுதிய ரசீதையும்தான். ரசீதில் "ஓவியம்" என்று மட்டும் எழுதாமல் அளவையும் முழு விலையையும் எழுதச் சொல்லுங்கள். ஓவியத்தின் பின்பக்கம் குதிரையின் பெயர், ஆண்டு, என்ன வண்ணம், வார்னிஷ் பூச வேண்டிய மாதம் இவற்றைக் காகிதத்தில் எழுதிச் சட்டத்தின் மரத்தில் ஒட்டுங்கள். கேன்வாஸின் மேலேயே பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் கசியக்கூடும்.